பலகைக்கும் தரைக்கும் நடுவில்

அன்புக்கரசியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் கோபம். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஆம்பளை உட்கார்ந்திருந்தால் அவனை எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் பையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு நியாயம் கேட்பாள். "இவகூட எப்படித்தான் குடும்பம் நடத்துற" என்று அவள் புருஷன் பாண்டியராஜிடம் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. "நான் ஒழுங்கா இருக்கேன்ல, என்கிட்ட எதுக்குக் கோவிக்கப் போறா" என்பார் அவர். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிற மனுஷன். அதிகம் பேசமாட்டார்.

நத்தம் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தவர் மகள் அவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து சிவில் டிப்ளமோ முடித்தாள். பொம்பளைப் பிள்ளைக்குக் கட்டட வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவள் பொம்பளைதானே, அந்த வீட்டை அவள் வரையக் கூடாதா என்று திருப்பிக் கேட்டாள். படிப்பு முடிந்ததும் நாகல் நகரில் இன்ஜினியர் மதியழகனின் வரைபட ஆபீசில் வேலை கிடைத்தது. ஜவுளிக்கடை மாடியில் இரண்டே அறை. டிராயிங் போர்டு, டிரேசிங் பேப்பர், இங்க் பேனா என்று ஓடிய காலம் அது. கோடு தப்பினால் பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, போர்டுகள் மொட்டை மாடிக்குப் போயின. கூட இருந்த ஆண்களில் சிலர் கம்ப்யூட்டரைக் கண்டு மிரண்டு சைட் வேலைக்கே திரும்பிவிட்டார்கள். இவள் மிரளவில்லை. கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டாள்.

மதியழகன் நல்லவர்தான். சம்பளத்தை இழுத்தடிக்கமாட்டார், யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார். ஒரே குறை, பணக்காரர் முன்னால் நின்றால் அவருக்கு முதுகு தானாக வளைந்துவிடும்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அந்த ஆபீசுக்குப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்தது. இது வெறும் கோடு போடுகிற சமாச்சாரம் இல்லை. கட்டடத்தையே திரைக்குள் நிஜம் போலக் கட்டிக் காட்டுவது. சுவர் போட்டால் அது சுவர் என்று அதற்குத் தெரியும். கதவு வைத்தால் சுவரில் தானே ஓட்டை விழும். அப்படி வைப்பதற்குக் கதவு, ஜன்னல், வாஷ்பேசின் என்று ஒவ்வொரு சாமானையும் யாராவது முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கம்பெனி அந்தச் சாமான்களைச் செய்துகொடுக்க ஆள் தேடியது. மதியழகனோடு படித்த ஒருவர் மூலமாக வேலை திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. வந்த முதல் வேலை என்ன என்கிறீர்கள்? கக்கூஸ் தடுப்பு.

அங்கே பெரிய கட்டடங்களில் கழிப்பறைகளுக்கு நடுவே செங்கல் சுவர் கிடையாதாம். பலகைகளை நிறுத்தி அறை அறையாகத் தடுத்துவிடுவார்களாம். அந்தத் தடுப்பை, கதவோடும் கீலோடும் தாழ்ப்பாளோடும், ஒரே சாமானாகச் செய்ய வேண்டும். அதிலும் அது வளைந்து கொடுக்க வேண்டும். அகலம் என்று எழுதிய இடத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அறை அகல வேண்டும். உயரத்தை மாற்றினால் உயர வேண்டும். கதவு உள்ளே திறக்கட்டும் என்றால் உள்ளே, வெளியே என்றால் வெளியே. வீல்சேர் அறை என்று டிக் அடித்தால் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி முளைக்க வேண்டும்.

"ஏன் சார், வெள்ளைக்காரன் வீட்டுக்கு ஹால் இல்ல, அடுப்படி இல்லையா? இதுதான் எனக்கு வாச்சுச்சா" என்று அவள் எரிந்து விழுந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கு டாய்லெட் அக்கா என்று பெயர். "போங்கடா, நீங்கல்லாம் போகாமலேயா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள்.

அந்த வேலை லேசுப்பட்டதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத, தகடு போன்ற தளங்களைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்த வேண்டும். பலகையின் ஓரத்தை அந்தத் தளத்தோடு பூட்ட வேண்டும். அளவுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைத் தளத்தோடு முடிச்சுப்போட வேண்டும். பிறகு எண்ணை மாற்றி மாற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முடிச்சு விட்டுப்போயிருந்தாலும் போச்சு. பலகை நகரும், கதவு பழைய இடத்திலேயே நிற்கும், கீல் மட்டும் தனியாக அந்தரத்தில் தொங்கும். அவள் அதைத் திட்டாத திட்டு இல்லை. திட்டிக்கொண்டே மறுபடியும் அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். கடைசியில் எந்த எண்ணைப் போட்டாலும் அந்தத் தடுப்பு, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை போல, அப்படியே விரிந்தது, அப்படியே சுருங்கியது.

ஆனால் அதில் ஒரு தவறு செய்திருந்தாள். மாதிரிக்கு வந்த படங்களில் பலகை தரையைத் தொடவில்லை. கீழே ஒரு அடி இடைவெளி இருந்தது. யாரோ அளவு தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். மதியழகனிடம் காட்டினாள். அவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "ஆமா, உள்ள இருக்கவன் காலு தெரியுதே, இது என்ன கண்றாவி" என்றார். ஆபீசில் ஒருத்தரும் அமெரிக்கக் கழிப்பறையைக் கண்டவர்கள் இல்லை. நாலு பேரும் கூடிப் பேசி, படம்தான் தப்பு என்று முடிவு கட்டினார்கள். அவள் பலகையைத் தரை வரைக்கும் இறக்கினாள். கதவோரத்து இடுக்கையும் ஒரு பட்டை வைத்து அடைத்தாள். மானம் மரியாதையாக ஒரு தடுப்பைச் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அது உடம்பெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கீழே ஒரு அடி விட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம், கழுவிவிடவும், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் தெரியவும் என்று விளக்கம் எழுதியிருந்தார்கள். மதியழகன் அதைப் படித்துச் சொன்னபோது அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மயங்கி விழுறவன் என்னைக்கோ ஒருநாள் விழுவான். மத்த நாளெல்லாம் இவங்க காலைப் பாத்துக்கிட்டே நிக்கணுமா? சூடு சொரணை இல்லாத சனமா இருக்கே" என்றாள். ஆனாலும் கேட்டவன் கேட்டதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். கீழ் இடைவெளி என்று இன்னோர் எண்ணைச் சேர்த்தாள். எண்ணைக் கூட்டினால் பலகை தரையிலிருந்து ஏறும், குறைத்தால் இறங்கும். கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்தடுத்து வேலை கொடுத்தார்கள். மதியழகன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தத் தடுப்பைத் திரையில் ஏற்றி இறக்கிக் காட்டினார்.

அப்படிக் காட்டியதுதான் வினையாகிப் போனது.

ஊரில் பொன்னழகு என்று ஒரு மில் முதலாளி. காலமான தன் தகப்பனார் பெயரில் அறக்கட்டளை வைத்திருந்தார். குஜிலியம்பாறை பக்கம் ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தர அவர் முன்வந்தார். அதுவரை அந்தப் பள்ளியில் கழிப்பறை என்று இருந்தது இடிந்த சுவரும் கதவில்லாத நிலையும்தான். பிள்ளைகள் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டுக்குப் போய்வந்தார்கள். பெரிய பிள்ளைகள் பலர், மாதத் தூரம் வந்துவிட்டால் அந்த வாரமே பள்ளிக்கு வருவதில்லை. சில பிள்ளைகள் அப்படியே நின்றும் போனார்கள். ஆகவே நல்ல காரியம்தான். மதியழகன் வரைபடம், ராயப்பராஜ் என்கிற காண்ட்ராக்டர் கட்டுமானம் என்று முடிவானது. தகப்பனாரின் நினைவு நாளுக்குள் திறக்க வேண்டும், சுவர் எழுப்பிப் பூச நேரமில்லை, அதனால் அந்த அமெரிக்கத் தடுப்பையே வைத்துவிடலாம் என்று மதியழகன் யோசனை சொன்னார். பார்க்கவும் ஏர்போர்ட் மாதிரி இருக்கும் என்றார். பொன்னழகுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அன்புக்கரசி சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் நாற்காலியில் ராயப்பராஜ் உட்கார்ந்திருந்தார். கீழ் இடைவெளியில் ஒன்றரை அடி என்று போட்டிருந்தார். பலகைகள் சரசரவென்று மேலே ஏறி நின்றன.

"பாத்தியா தங்கச்சி, எம்புட்டுப் பலகை மிச்சமாகுது. தண்ணியடிச்சுக் கழுவிவிடவும் சௌகரியம்" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். தடுப்புக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தாள். நாற்காலி போல உட்காருகிற அமெரிக்கக் கோப்பை இல்லை. நம்ம ஊர்ப் பீங்கான், தரையோடு தரையாகக் குந்தி உட்காருவது. அவளுக்கு உடம்பு கூசிப்போனது. கோப்பையில் உட்கார்ந்தால் கீழே காலணி தெரியும், அவ்வளவுதான். குந்தி உட்கார்ந்தால் என்ன தெரியும்? ஒரு பெரிய மனுஷருக்காவது இது உறைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் பொன்னழகு வரைபடம் பார்க்க வந்தார். மதியழகனும் ராயப்பராஜும் உடன் இருந்தார்கள்.

"சார், இந்தக் கீழ் இடைவெளி வேணாம். பிள்ளைகளுக்குச் சங்கடமா இருக்கும்" என்றாள் அன்புக்கரசி.

"என்ன சங்கடம்? காலுதானம்மா தெரியும்" என்றார் பொன்னழகு.

"அமெரிக்காவுலயே இப்படித்தாங்கய்யா. தங்கச்சி வரைஞ்சு அனுப்புனதுதான" என்றார் ராயப்பராஜ்.

"அங்க உக்கார்ற தினுசு வேற சார்."

"உக்கார்றதுல என்னம்மா தினுசு" என்றார் மதியழகன்.

அவளுக்கு வாய் வரவில்லை. ரேஷன் கடையை நடுங்க வைக்கிற வாய், மூன்று ஆம்பளைகள் முன்னால் அந்த ஒரு வார்த்தையில் ஒட்டிக்கொண்டது. அதை நினைத்து அவளுக்கு அவர்கள் மேல் வந்ததைவிடத் தன்மேல் அதிகமாகக் கோபம் வந்தது. டீ குடிச்சுட்டு வாங்க சார், செத்த நேரத்துல காட்டுறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். நாலு உருளை, ஒரு பந்து, அவ்வளவுதான் பொம்மை. சாம்பல் நிறம். கண் மூக்கு கிடையாது, துணிமணி கிடையாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது. முழங்காலை மடக்கி அதைப் பீங்கான் மேல் குந்த வைத்தாள். கதவைச் சாத்தினாள். வெளியே வராந்தாவில் ஒருத்தர் நின்றால் எப்படித் தெரியுமோ அந்தக் கோணத்துக்குத் திருப்பினாள்.

அவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். பொன்னழகு சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். ராயப்பராஜ் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"சரி, சரி. கீழ வரைக்கும் இறக்கிருங்க. அந்தப் படத்தை மொதல்ல மூடுங்க" என்றார் பொன்னழகு.

அவர்கள் போனதும் மதியழகன் அவளைக் கூப்பிட்டார். "என்னம்மா இது அசிங்கம்? ஒரு குடும்பப் பொம்பளை வரையிற படமா இது?"

"குடும்பப் பொம்பளைக்கும் வரும் சார்" என்றாள்.

 அன்று சாயங்காலமே அவர் அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். சாம்பல் பொம்மையை அசிங்கம் என்ற மனுஷருக்கு, ஒன்றரை அடி இடைவெளி அசிங்கமாகத் தெரியவில்லை பாருங்கள். அன்புக்கரசி கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் அந்தத் தடுப்புக்குள் ஒரு சூத்திரத்தை எழுதிவைத்தாள். கீழ் இடைவெளியில் யார் என்ன எண்ணைப் போட்டாலும் பலகை தரையை விட்டு ஏறாது. புது வரைபடம் அப்படியே அச்சாகிப் போனது. இனி ஒரு பயலாலும் அசைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதி, திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஒரு போனில் போய்விட்டது. பேசியவர் பள்ளித் தலைமையாசிரியை நாகஜோதி. வரைபடத்தின் அடியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"பலகை கீழ வரைக்கும் வரும்னு படத்துல போட்டிருக்கீங்களேம்மா. இங்க முழங்கால் ஒசரத்துக்குத் தூக்கி மாட்டியிருக்காங்க. நேத்து ஒரு பிள்ளை உள்ள போயிட்டு அப்படியே திரும்பி வந்துட்டா. நாங்க காட்டுக்கே போய்க்கிறோம் டீச்சர்ங்கிறா. நன்கொடை குடுக்கிறவங்ககிட்ட இதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

அன்புக்கரசி உடனே ராயப்பராஜுக்குப் போன் போட்டாள். "முத படம் பாத்த அன்னைக்கே மதுரைக்கு ஆர்டர் குடுத்துட்டேன் தங்கச்சி. அறுத்து வந்த பலகையை என்ன பண்ணச் சொல்ற? விடு, பிள்ளைக பழகிக்கும்" என்றார் அவர்.

பழகிக்கும். அந்த ஒரு வார்த்தை அவளை ராத்திரியெல்லாம் தின்றது. எதற்குப் பழக வேண்டும்? பொம்பளைப் பிள்ளை என்றால் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ள வேண்டுமா? அவளும் பழகியவள்தான். பள்ளியில் படித்த காலமெல்லாம் காலையில் தண்ணீர் குடிக்காமல் போய்ப் பழகினாள். "நாளைக்கு லீவு போட்டுட்டு அங்க போறேன். வேலை போனாலும் போகும்" என்றாள் பாண்டியராஜிடம். "போயிட்டு வா. பஸ்ஸுக்குச் சில்லறை வச்சிருக்கியா" என்றார் அவர்.

பள்ளிக்கூடத்தில் சாமியானா போட்டிருந்தது. மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. கழிப்பறைக் கட்டடத்துக்கு ரோஸ் நிற ரிப்பன். பிள்ளைகள் இரட்டைச் சடையோடு வரிசையில் நின்றார்கள். நாகஜோதி டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நீல நிறப் பலகைகள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றும் பளபளப்பான குட்டைக் கால்களின் மேல் தூக்கி நின்றது. அன்புக்கரசி வெளியே வந்தபோது பொன்னழகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருந்தார். மதியழகன் ஒரு பக்கம், ராயப்பராஜ் ஒரு பக்கம்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றாள். "ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி உங்கள்ல யாராவது ஒருத்தர் உள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, குந்தி உக்காருங்க. போட்டிருக்கிற துணியோடயே உக்காருங்க, போதும். நாங்க பொம்பளைங்க வெளிய நிக்கிறோம். உக்காந்துட்டீங்கன்னா நான் பேசாம பஸ் ஏறிப் போயிர்றேன்."

மைக்செட்காரன் பாட்டை நிறுத்திவிட்டான்.

"என்னம்மா பேசுற நீ" என்றார் ராயப்பராஜ். "துணியோடதான உக்காரச் சொல்றேன் அண்ணே. பிள்ளைகளைப் பழகிக்கச் சொன்னீங்கள்ல. நீங்க பழகிக் காட்டுங்க" என்றாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அன்பு, இது இடமில்ல" என்றார் மதியழகன் தாழ்ந்த குரலில்.

"அப்ப எது சார் இடம்? ஆபீஸ்ல காட்டுனேன், அசிங்கம்னீங்க. நீங்க போங்க சார். இந்தத் தடுப்பை ஊரெல்லாம் ஏத்தி இறக்கிக் காட்டுனது நீங்கதான."

மதியழகனின் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். என்ன நினைத்தாரோ, ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். நாகஜோதி டீச்சரும் அன்புக்கரசியும் நாலைந்து டீச்சர்களும் பின்னாலேயே போய் வராந்தாவில் நின்றார்கள். முதல் அறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

பலகைக்குக் கீழே அவருடைய கறுப்பு ஷூ தெரிந்தது. இஸ்திரி போட்ட பேண்ட் முழங்கால் வரை தெரிந்தது. ஷூ இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடியும் இந்தப் பக்கம். ஒருமுறை முழங்கால் லேசாக மடங்கியது. மடங்கியது உடனே நிமிர்ந்துகொண்டது.  ஷூ அசையாமல் கொஞ்ச நேரம் நின்றது.

தாழ்ப்பாள் திறந்தது. மதியழகன் வெளியே வந்தார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"உக்காரவே இல்லையே சார்" என்றாள் அன்புக்கரசி.

அவர் அவளைப் பார்க்காமல் நேராகப் பொன்னழகுவிடம் போனார். "ஐயா, இன்னைக்குத் தொறக்க வேணாம். பலகையைக் கழட்டிட்டுச் சுவர் வச்சுக் கட்டித் தந்துர்றோம்" என்றார்.

பார்த்தீர்களா கூத்தை. அவள் சொன்னாள், ஏறவில்லை. பொம்மை செய்து காட்டினாள், அசிங்கம் என்றார்கள். ஓர் ஆம்பளை உள்ளே போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வர வேண்டியிருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் மானத்துக்கு. அன்புக்கரசிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது.

"என்ன மதி, சின்ன விஷயம் இதுக்குப் போயி. இவ்வளவு பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்" என்றார் பொன்னழகு.

"சின்ன விஷயம்னா நீங்க போங்கய்யா" என்றார் மதியழகன். அவர் முதுகு வளையவில்லை. "கதவைச் சாத்திக்கங்க. நாங்க இங்கதான் நிக்கிறோம்."

பொன்னழகு கதவைப் பார்த்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டார்.